அங்காடிப் பொதிசோறு

உண்ணுதல் எல்லா உயிர்க்கும் இயல்பு. சமைத்து உண்ணுதல் மனிதனுக்குச் சிறப்பு. உண்டதன் சுவையை ஆராய்ந்து, இதன் குணம் இது, குற்றம் இது என்று எடுத்துச் சொல்லுதல் மனிதருள்ளும் கற்றவர்க்குக் கடமை. 'இலக்கணம் கற்பிக்கும் பண்டிதருக்குக் குசினியில் என்ன அலுவல்?' என்று நகைப்பவர் நகைக்கட்டும். நாவுக்கும் நூலுக்கும் சுவை என்னும் ஒரே சொல்லை வைத்த மொழி நம்முடையது. பாட்டின் சுவையைப் பற்றிப் பேச உரிமையுடையவன் பிட்டின் சுவையைப் பற்றியும் பேசலாம்.

ஈண்டு நான் எடுத்துக்கொண்ட பொருள், பேரங்காடிகளில் பொதி செய்து விற்கப்படும் ஆயத்த உணவு. கொழும்பிலே 1983ஆம் ஆண்டு காகில்ஸ் நிறுவனம் தன் முதலாவது பேரங்காடியைத் திறந்தது. முப்பது ஆண்டு கழித்து, 2013இல், யாழ்ப்பாண நகரின் நடுவே அதன் பெருங்கட்டடம் எழுந்தது. அந்த முப்பது ஆண்டில் வன்னி கண்டதும் இழந்ததும் யாவரும் அறிவர். இன்று வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கண்ணாடிக் கதவும் குளிர்காற்றும் உடைய கடைகள் உள. அங்குள்ள பொதிகளுள் மலிவானவை முல்லைத்தீவின் உட்கிராமத்துச் சிறுகடைகளிலும் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. எங்கள் மாணவருட் பலர் காலையில் பள்ளிக்கு வருமுன் உண்பது இவற்றுள் ஒன்றையே. ஆதலால் இது சிறுபொருளன்று.

'ஆயத்த உணவு' என்னும் தொடரே முதலில் ஆராயத்தக்கது. சமைதல் என்பதற்கு ஆயத்தமாதல், பக்குவமாதல் என்பன பொருள். அவ்வாறாயின் சமைத்த உணவெல்லாம் ஆயத்த உணவே. வேறுபாடு யாதெனில், வீட்டுச் சமையலில் ஆக்குவோர் உண்போரை அறிவர். பொதியுணவில் ஒருவரையொருவர் அறியார். மற்றபடி, ஆக்கிய உணவைக் கட்டி வைத்துப் பின்னர் உண்ணுதல் நம்மவர்க்குப் புதிதன்று. கட்டுச்சோறு, பொதிசோறு, ஆற்றுணா, தோட்கோப்பு என்று அதற்குச் சொற்கள் பல. திருப்பைஞ்ஞீலிக்குப் பசியோடு நடந்த அப்பரடிகளுக்காக இறைவனே அந்தணர் வடிவில் பொதிசோறு கொண்டு வழியிற் காத்திருந்தான் என்று பெரியபுராணம் கூறும். அங்கே அடுப்பு மூட்டிச் சமைக்கவில்லை, ஆயத்தமாகவே கொண்டுவந்தான். எனவே ஆயத்த உணவைப் பழிப்பவர் சிறிது நிதானித்துப் பழித்தல் நன்று.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் ஒருகாலத்தில் ஆயத்த உணவு செய்யாத வீடில்லை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். பனம்பழத்தின் களியைப் பாயிலே படை படையாக ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. உழுந்தோடு வேப்பம்பூவைச் சேர்த்துப் பிடித்தால் வடகம். மோரில் ஊறிய மிளகாய், வாடைக்காலத்துக்கென உப்பிட்டு உலர்த்திய கருவாடு, வறுத்து அரித்து வைத்த அரிசிமா, இடித்துப் போத்தலில் அடைத்த கறித்தூள் இவையெல்லாம் ஆயத்த உணவல்லாமல் வேறென்ன? அந்தியிலே விருந்தினர் வந்தால் அரைமணி நேரத்தில் பிட்டும் கறியும் இலைக்கு வந்தமை இவற்றின் துணையாலன்றோ?

உலக வரலாற்றை நோக்கினாலும் ஆயத்த உணவு சோம்பலிற் பிறந்ததன்று. போரிலும் பசியிலும் பிறந்தது. பிரான்சு நாட்டில் படையினருக்குக் கெடாத உணவு வேண்டியிருந்த காலத்தில், நிக்கோலா அப்பேர் என்னும் சமையற்காரர் உணவைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைக் கண்டார். 1810இல் அதனை நூலாக வெளியிட்டார். போருக்குப் பிந்திய யப்பானின் பசியைக் கண்ட மொமொபுக்கு அண்டோ, எண்ணெயிற் பொரித்து உலர்த்திய நூடில்ஸை 1958இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம்ஸ் என்னும் புகழ்பெற்ற உணவகம் 1975இன் நெருக்கடிநிலைக் காலத்தில் கடையை மூட நேர்ந்தபோது, பொதி செய்த மாக்கலவைகளை விற்கத் தொடங்கியது. நம் நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கிய திரிபோஷா, கருவுற்ற தாய்மாருக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் இலவசமாக வழங்கவென்று சோளத்தையும் சோயாவையும் சேர்த்துச் செய்த மா. இப்பொதிகள் காத்த உயிர்கள் பல. நிவாரண வரிசையில் நின்று பருப்பும் கோதுமை மாவும் வாங்கிய எங்கள் மாவட்டத்தார் பொதியுணவை இகழ்ந்து பேசுதல் நன்றிக்கேடாகும்.

எனினும் நன்றி வேறு, மதிப்பீடு வேறு. புலவன் வறியவன் என்பதற்காக அவன் பாட்டின் தளை தட்டுவதைச் சொல்லாது விடுவோமா? அவ்வாறே பொதிகளையும் சீர்தூக்கிப் பார்க்க விரும்பினேன். சென்ற விடுமுறையில் என் வீட்டு விறாந்தையில் ஐவர் கூடினோம். ஆசிரியர் மூவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர். வெவ்வேறு கடைகளில் வாங்கிய ஐந்து பொருள்களை, பொதியில் எழுதியவாறே ஆக்கி உண்டோம். மூன்று வினாக்களை முன்வைத்தோம். பெயருக்கு ஏற்ற பொருள் உள்ளே உண்டா? அறுசுவையுள் எவை உள, எவை இல? உண்ட பின் பசி எவ்வளவு நேரம் தாங்கிற்று?

முதலாவது, கொத்து ரொட்டியின் பெயரைத் தாங்கிய நூடில்ஸ். கொத்து என்பது தகட்டிலே ரொட்டியையும் முட்டையையும் மரக்கறியையும் இட்டு இரண்டு தகட்டுக் கத்திகளாற் கொத்தி எடுப்பது. அவ்வோசை கடைத்தெருவுக்கே கேட்கும். பொதியில் கொத்துதலும் இல்லை, ரொட்டியும் இல்லை. ஒரு சிறு பையிலிருந்த தூளே அப்பெயர் முழுவதையும் சுமந்தது. முதல் வாய் மிக நன்று. மூன்றாம் வாயும் அதே நன்று. பத்தாம் வாயில் அந்த நன்மை சலித்தது. ஒரே எதுகையை வைத்துக்கொண்டு நூறு பாட்டுப் பாடும் கவிராயரைக் கேட்டதுபோல் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் மாணவர் இருவருக்கும் மீண்டும் பசித்தது.

இரண்டாவது, உலர்ந்த இடியப்பமும் தேங்காய்ப்பால் மாவிற் செய்த சொதியும். இடியப்பத்தைக் குறைகூற மாட்டேன். கொதிநீரில் நனைந்து எழுந்ததும் இழை பிரிந்து நின்றது. அரிசியின் மணமும் சிறிது எஞ்சியிருந்தது. சொதிதான் தோற்றது. சொதியின் இலக்கணம் இரண்டு பாலில் உள்ளது. இரண்டாம் பாலிலே வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தபின், முதற்பாலைக் கடைசியில் விட்டு, கொதிக்கவிடாது இறக்கித் தேசிக்காய்ப் புளி விடுவர். மாவைக் கரைத்தால் வருவது முதலும் இரண்டும் அற்ற ஒரே பால். வெண்மை உண்டு, சொதி இல்லை.

மூன்றாவது, ரின்னில் அடைத்த பலாப்பிஞ்சுக் கறி. சிங்கள மக்கள் பொலொஸ் என்று வழங்குவது. ஐந்தனுள் இதற்கே நாங்கள் முதலிடம் கொடுத்தோம். காரணம் எளிது. பலாப்பிஞ்சு நெடுநேரம் வெந்து சரக்கில் ஊறவேண்டிய பொருள். ரின்னுக்குள் அடைத்துச் சூடாக்கும் முறையும் அதையே செய்கிறது. தொழிற்சாலையின் முறையும் பொருளின் இயல்பும் ஒத்துப்போன இடத்தில் உணவு கெடவில்லை. இதனை நினைவில் வைக்க வேண்டுகிறேன், பின்னர் வேண்டியிருக்கும்.

நான்காவது, ரின் மீன். நந்திக்கடலும் பெருங்கடலும் இருபுறமும் இருக்க, வேற்றுக் கடலின் மீனை முல்லைத்தீவில் ரின்னிலிருந்து எடுத்து உண்பது நகைப்புக்கு உரியதுதான். ஆயினும் வாடைக்காற்றில் வள்ளம் இறங்காத நாள்களில் இந்த ரின் எத்தனை வீட்டில் உலையைக் காத்தது என்பதை அறிவேன். அன்றியும் இது பொய் சொல்லவில்லை. ரின் என்றது, மீன் என்றது, இரண்டும் இருந்தன. உப்பு மிகை. முள்ளும் மெலிந்து உண்ணும்படி இருந்தது குணம்.

ஐந்தாவது, சோளம், அரிசி, பயறு, சோயா ஆகியவற்றை வறுத்துத் திரித்த சத்துமா. தேங்காய்ப்பூவும் சிறிது சர்க்கரையும் சேர்த்து உருட்டி உண்டோம். ஆரவாரம் இல்லை. ஆனால் நண்பகல்வரை ஒருவருக்கும் பசிக்கவில்லை. விலையிலும் குறைந்தது இதுவே. விளம்பரத்தில் பாட்டும் கூத்தும் பெறும் பொதி ஒன்று. வயிற்றைக் காக்கும் பொதி வேறொன்று.

இனி, இரண்டாம் வினாவுக்கு வருவோம். நான் இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அதற்குக் கிடைத்த விடையால். நம் முன்னோர் கண்ட சுவை ஆறு: இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, துவர்ப்பு, கைப்பு. கார்ப்பு சுவையன்று, எரிவுணர்ச்சி என்பர் இன்றைய விஞ்ஞானிகள். துவர்ப்பையும் தொடுவுணர்ச்சியோடு சேர்ப்பர். 1908இல் யப்பானிய அறிஞர் கிகுனே இக்கெடா கடற்பாசியிலிருந்து குளுத்தமேற்றைப் பிரித்து, உமாமி என்று வேறொரு சுவைக்குப் பெயரிட்டார். அத்தூளின் கவர்ச்சிக்கு உப்பும் இந்த உமாமியுமே பெரிதும் காரணம். எண்ணிக்கையைப் பற்றி நான் வழக்காட வரவில்லை. ஐந்து பொருள்களையும் உண்டு முடித்து, பலகையிற் கோடிட்டுக் குறித்தபோது நாங்கள் கண்டது இது: உவர்ப்பு நான்கில் ஓங்கி நின்றது. கார்ப்பும் இனிப்பும் புளிப்பும் ஆங்காங்கே இருந்தன. துவர்ப்பு, பலாப்பிஞ்சில் மாத்திரம் சிறிது தலைகாட்டியது. கைப்பு ஒன்றிலேனும் இல்லை.

இதனை ஒடியலோடும் வடகத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒடியல்மாவை நீரில் ஊறவைத்து வடித்துக் கைப்பைக் குறைப்பர், முற்றாகப் போக்குவதில்லை. கூழிலே மீனும் நண்டும் புளியும் மிளகாயும் கூடினாலும், அடியில் அந்த மெல்லிய கைப்பு இருக்கும். வேப்பம்பூ வடகம் பெயரிலேயே கைப்பை வைத்திருக்கிறது. பனாட்டின் இனிப்புக்குள்ளே ஒரு காறல் உண்டு. நம்மவர் காத்துவைத்த பண்டங்கள் பலவற்றில், நாவை முதலில் தயங்கவைத்துப் பின்னர் வசப்படுத்தும் ஒரு பகுதி இருந்தது. அங்காடிப் பொதியிலோ தயக்கத்துக்கு இடமே இல்லை. எவர் நாவும் முதல் வாயிலேயே இசையும்படி அது செய்யப்பட்டது. விற்பவர்க்கு அதுவே வேண்டும். இரண்டாம் முறை வாங்காத பொருளை எவர் செய்வார்?

இனிப்பையும் உவர்ப்பையும் குழந்தைக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பை வைத்தால் சப்பும். கைப்பை வைத்தால் முகஞ்சுளிக்கும். அது இயற்கை. பாகற்காயை விரும்பி உண்ணும் முதியவர் பிறக்கும்போதே அவ்வாறு பிறந்தவரல்லர். தாய் ஒரு துண்டு ஊட்டினாள், துப்பினார், மறுவாரம் மீண்டும் ஊட்டினாள். பலமுறை உண்டபின் சுவை தோன்றிற்று. அதற்குப் பெயர் கல்வி. வகுப்பறையிலும் இதையே காண்கிறேன். சினிமாப் பாட்டைச் சுவைக்க ஆசிரியர் வேண்டாம். சங்கப் பாட்டொன்றைச் சுவைக்க வேண்டுமானால், சொல் பிரித்து, பொருள் கூறி, ஓரிரு முறை சலிப்பையும் பொறுத்துக்கொள்ளச் செய்ய ஓர் ஆள் வேண்டும். எளிதில் வசப்படுவதை மாத்திரமே உண்டு பழகிய நாவும், எளிதில் விளங்குவதை மாத்திரமே கேட்டுப் பழகிய செவியும் ஒரே நோயின் இரண்டு குறிகள். ஆயத்த உணவின்மேல் எனக்குள்ள வழக்கு இவ்வளவே. அது ஆயத்தமாக இருப்பது குற்றமன்று. நாவை ஒன்றும் கேளாது விடுவது குற்றம்.

இக்கருத்தை அன்று விறாந்தையிலேயே சொன்னேன். உடனிருந்த ஆசிரியை ஒருவர், இரண்டு பிள்ளைகளின் தாய், மறுத்தார். "ஐயா, கூழின் பெருமையைச் சொல்லுங்கள், கேட்கிறோம். அந்தக் கூழைக் காய்ச்சுகிறவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பி, இரண்டு சோற்றுப் பார்சல் கட்டி, ஆறரைக்குப் பஸ் பிடிக்கிறவளுக்கு மூன்று நிமிட நூடில்ஸ் ஒரு தெய்வம்" என்றார். அவர் கூற்றில் நியாயம் உண்டு, மறுப்பதற்கில்லை. எங்கள் மாவட்டத்தில் கணவனை இழந்து தனித்து வீட்டைச் சுமக்கும் பெண்கள் பலர். ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்வோர், வயலுக்கும் கடற்கரைக்கும் கூலிக்குச் செல்வோர் பலர். இவர்களை மீண்டும் உரலுக்கும் அம்மிக்கும் அனுப்பிப் பண்பாட்டைக் காக்கச் சொல்லுதல் எனக்கு உடன்பாடன்று. பிறர் முதுகிலேற்றிக் காக்கும் பண்பாடு பண்பாடாகாது. கூழ் காய்ச்சும் கை ஆணுக்கும் உண்டு. ஒன்றுகூடலிலே அண்டாவைச் சுற்றி நின்று அகப்பை பிடிக்கும் ஆடவர், வீட்டிலே மாத்திரம் அதனை மறப்பது ஏன்?

ஆகவே நான் வேண்டுவது பொதியை ஒழித்தல் அன்று. பொதிக்குள் நம் பொருளை வைத்தல். பலாப்பிஞ்சைப் பற்றிச் சொன்னதை இங்கே நினைவுகூர்க. எப்பொருள் தன் இயல்பினாலேயே காத்துவைத்தற்கு உரியதோ, அதைப் பொதி செய்தால் அது தன்னை இழப்பதில்லை. ஒடியல் அத்தகையது; புழுக்கொடியல் அத்தகையது; வடகம், பனாட்டு, குரக்கன்மா, வறுத்த உழுத்தம்மா எல்லாம் அத்தகையன. சொதியைத் தூளாக்க முயன்று தோற்பதைவிட, ஏற்கெனவே தூளாக இருக்கும் ஒடியலை நன்றாகப் பொதி செய்தல் அறிவுடைமை. பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. பெண்கள் கூடி நடத்தும் சிறு தொழிலகங்களும் ஆங்காங்கே உள. போரிலே வன்னியின் பனைகள் பல தலையிழந்தன. மீண்டும் நட்டவை வளர்கின்றன. ஊறவைக்கும் பக்குவமும் கூழ் காய்ச்சும் முறையும் பொதியின் மேலேயே நல்ல தமிழில் அச்சிடப்படுமாயின், தாயிடம் கற்க வாய்ப்பில்லாத இளம்பெண்ணும் இளைஞனும் பொதியிடம் கற்கலாம். இன்றைய பொதிகளின் தமிழோ எறும்பின் கால்போலச் சிறுத்து, எழுத்தும் பிழைத்துக் கிடக்கிறது. நாங்கள் உண்டவற்றுள் ஒன்றிலே 'கொதிநீர்' 'கொதி நிர்' ஆகிக் குறுகியிருந்தது. நீரைக் கூட முழுதாக ஊற்ற மனமில்லாதார் சோற்றை எவ்வாறு முழுதாக இடுவர்?

இரண்டாவதாக, பொதியை வாசிக்கப் பள்ளியிலே கற்பிக்க வேண்டும். செய்யுளுக்கு உரை கூறும் பயிற்சி இங்கே பயன்படும். பொதியின் முன்புறம் பாயிரம், புகழ்ச்சி மிகுந்தது, நம்பற்க. பின்புறமே நூல். சேர்பொருள்கள் எடையில் மிகுந்ததிலிருந்து குறைந்தது நோக்கி வரிசையாக இருக்கும். கோழியின் படம் முன்னே பெரிதாக இருந்து, கோழி என்னும் சொல் பின்னே கடைசி வரியில் இருந்தால், அது உயர்வுநவிற்சி அணி. உப்பைச் சோடியம் என்று எழுதியிருப்பர். 1 கிராம் சோடியம் ஏறத்தாழ 2.5 கிராம் உப்புக்குச் சமன். வளர்ந்தவர் ஒருவர் ஒருநாளில் 5 கிராமுக்குக் குறைவான உப்பை உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. எனவே 1 கிராம் சோடியம் உள்ள ஒரு பொதியால் ஒருநாள் அளவிற் பாதி காலையிலேயே தீரும். சீனிப் பானங்களுக்கு 2016இலும், பின்னர் திண்ம உணவுகளுக்கும், சிவப்பு, மஞ்சள், பச்சை என நிறக் குறி இடும் விதி நம் நாட்டில் வந்தது. குறி உண்டு; பார்க்கும் கண் வேண்டும்.

மூன்றாவதாக, கைப்பைக் கற்பிக்க வேண்டும். இதற்கு எங்கள் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. 2009ஆம் ஆண்டு முள்ளிவாய்க்காலிலே ஒடுங்கியிருந்த மக்களின் உயிரைத் தாங்கியது அரிசியும் நீரும் உப்புமாகக் காய்ச்சிய கஞ்சி. இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தில் அதே கஞ்சி ஊர்தோறும் வழங்கப்படுகிறது. அதனைப் பருகும் சிறுவர்கள் அக்காலத்துக்குப் பின் பிறந்தவர்கள். அதில் தூளில்லை, பாலில்லை, மணமில்லை. அவர்கள் முகஞ்சுளிக்காமல் அதனைப் பருகுகிறார்கள். ஏனெனில் அது யாதென்று ஒருவர் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். சொல்லிக் கொடுத்தால் நா எதையும் கற்கும். துயரத்தின் உணவையே கற்கவல்ல பிள்ளைகள், ஒடியற்கூழையும் வேப்பம்பூ வடகத்தையும் கற்க மாட்டார்களா?

பெற்றோரே, ஆசிரியரே, வாரத்தில் ஆறுநாள் பொதி உண்ணும் வீடாயினும் ஆகுக. அதற்காக எவரும் நாணவேண்டாம். ஏழாம் நாள் ஒரு பிடி கைப்பு உங்கள் பிள்ளையின் இலையில் இருக்கட்டும். இட்டுவிட்டுப் போகாதீர்கள். அருகிலிருந்து, அது எந்த மரத்தின் பூ, எந்தக் கிழங்கின் மா என்று சொல்லுங்கள். முதல் வாரம் ஒதுக்கி வைக்கும். இரண்டாம் வாரம் தொட்டுப் பார்க்கும். மூன்றாம் வாரம் கேட்கும்.